நான்காம் அலகு ஏன் வெடித்தது?

2011 மார்ச் 11ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் ஜப்பானின் ஃபுக்குஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தின் மின்வழங்கலைத் துண்டித்தன. 12ஆம் நாள் முதல் அலகும் 14ஆம் நாள் மூன்றாம் அலகும் வெடித்தன. குளிர்விக்கப்படாத எரிபொருளின் சிர்கோனிய உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிட்டது. கட்டடத்துள் சேர்ந்த அவ்வாயுவே வெடித்தது. இதில் பெரிய கருத்து வேற்றுமை எழவில்லை. 15ஆம் நாள் காலையில் வெடித்த நான்காம் அலகே அறிஞர்களைத் திகைக்க வைத்தது.

அவ்வலகு 2010 நவம்பர் முதல் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. உலைக்குள் எரிபொருளே இல்லை. புதியனவும் பயன்படுத்தியனவுமாக 1,535 எரிபொருள் கட்டுகள் மேல்தளக் குளத்தில் நீருக்கடியில் இருந்தன. அவ்வாறாயின் ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? குளம் வற்றி எரிபொருள் வெளிப்பட்டிருக்க வேண்டும் என்பதே பலருக்கும் முதலில் தோன்றிய விடை. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் கிரெகரி யாஸ்கோ, குளத்தில் நீரில்லை என மார்ச் 16ஆம் நாள் தம் நாட்டு நாடாளுமன்றக் குழுவின்முன் கூறினார். ஜப்பானிய அரசு 20 கிலோமீட்டருக்குள் வாழ்ந்தோரை வெளியேற்றியிருந்தது. அமெரிக்காவோ தன் குடிமக்களை 80 கிலோமீட்டருக்கு அப்பால் செல்லுமாறு அறிவுறுத்தியது. அவ்வறிவுரைக்குப் பின்னிருந்த அச்சங்களுள் இக்குளமும் ஒன்று.

அதே நாளில் ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தோர் குளத்தில் நீர் மின்னுவதைக் கண்டனர். பராமரிப்புக்காக உலையின் மேற்பகுதியில் நிரப்பப்பட்டிருந்த நீர் குளத்துக்குள் கசிந்து அதனைக் காத்தது என்பது பின்னரே தெளிவாயிற்று. எவரும் திட்டமிடாத காவல் அது! ஆயினும், குளத்தில் நீர் இருந்ததெனின் வெடிப்பின் காரணம் இன்னும் மறைபொருளாகிறது.

மூன்றாம், நான்காம் அலகுகளின் வெளியேற்றுக் குழாய்கள் ஒரே புகைபோக்கியின் அடியில் இணைகின்றன. மூன்றாம் அலகிலிருந்து வெளியேற்றிய வாயுவின் ஒரு பகுதி பின்னோக்கி நான்காம் அலகுக்குள் புகுந்திருக்கலாம் என்று சிலர் கருதினர். 2011 ஆகஸ்டில் அக்குழாய்வழியின் வடிகட்டிகளில் கதிர்வீச்சை அளந்தனர். வாயு நான்காம் அலகிலிருந்து வெளியே சென்றிருந்தால் கட்டடப் பக்கத்து வடிகட்டியே மிகுதியாக மாசடைந்திருக்கும். கண்டதோ நேர்மாறு: புகைபோக்கிப் பக்கத்தில் மாசு மிகுதி, கட்டடப் பக்கத்தில் குறைவு. வாயு சென்ற திசையையே வடிகட்டிகள் பதிந்து வைத்திருந்தன. இவ்வழக்கின் சான்றுகளுள் இதனையே நாம் தலையாயதாகக் கொள்கிறோம். ஐந்தாம் தளம் மேல்நோக்கியும் நான்காம் தளம் கீழ்நோக்கியும் வளைந்திருந்தமை, வெடிப்பு குளத்தின் மேற்பரப்பில் அன்றி அதற்குக் கீழுள்ள தளத்தில் நிகழ்ந்ததைக் காட்டியது. 2014 டிசம்பரில் குளத்து எரிபொருள் முழுவதும் அகற்றப்பட்டது.

மூன்றாம் அலகின் வழக்கு மீண்டும் திறந்திருக்கிறது. அதன் வெடிப்பில் எழுந்த கரும்புகையை ஹைட்ரஜன் மட்டும் விளக்காது என்றும், எரியக்கூடிய கரிம வாயுக்களும் கலந்திருக்கலாம் என்றும் ஜப்பானிய அணு ஒழுங்குமுறை ஆணையம் 2021இல் வெளியிட்ட இடைக்கால அறிக்கை கூறுகிறது.