காளத்தியில் முடிசூடிய நாள்: அச்சுத ராயர் பட்டமேற்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

கிருஷ்ணதேவராயருக்குப் பின் அச்சுத ராயர் பட்டத்துக்கு வந்த கதையை ராபர்ட் சீவெல் 1900இல் எழுதியபோது, போர்த்துகீசியர் நூனிஸின் குறிப்பையே பெரிதும் நம்பினார். சந்திரகிரிக் கோட்டையில் அடைபட்டிருந்த தம்பி. 18 மாதக் குழந்தையை விட்டுச் சாகும் அண்ணன், தம்பியே ஆளத்தக்கவன் என்று எழுதிவைத்த உயில். வந்ததும் தீயொழுக்கத்தில் விழுந்த அரசன். சீவெலைப் படித்து முடிப்பவர் மனத்தில், சிறையிலிருந்து அழைத்துவந்து அரியணையில் அமர்த்தப்பட்ட ஒரு கையாலாகாதவரின் உருவமே நிற்கிறது. என் மறுப்பு அந்த உருவத்தின் மீதுதான்.

அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் திசை சொல்வார்கள். சந்திரகிரியிலிருந்து திருப்பதி வழியாகக் கிழக்கே போனால் காளத்தி. விஜயநகரத் தலைநகரான ஹம்பியோ வடமேற்கே. தலைநகருக்கு அழைக்கப்பட்டவர் ஏன் எதிர்த்திசையில் போகிறார்? காளத்திநாதர் திருமுன் அவர் முடிசூடியதைக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. ராஜநாத டிண்டிமரின் அச்சுதராயாப்யுதயம் திருமலையில் நடந்த அபிஷேகத்தைப் பாடுகிறது. இழுத்து வரப்பட்டவரின் வழி இதுவல்ல.

சிக்கல் நாளில் இருக்கிறது. காளத்திக் கல்வெட்டின் நாள் சகம் 1451, விரோதி, கார்த்திகை பகுள (தேய்பிறை) பஞ்சமி என்று வாசிக்கப்படுகிறது. இதை 1529 அக்டோபர் 21 என்பார் உண்டு. நவம்பர் 20 என்பாரும் உண்டு. இரண்டுக்கும் இடையே சரியாக ஒரு சந்திர மாதம். மாதம் பௌர்ணமியில் முடிவதாகக் கொண்டால் முன்னது, அமாவாசையில் முடிவதாகக் கொண்டால் பின்னது.

தும்கூர் மாவட்டத்து ஹொன்னேனஹள்ளியில் 2022இல் வெளிப்பட்ட கன்னடக் கல்வெட்டு இங்கே உதவுகிறது. கிருஷ்ணதேவராயரின் மறைவைச் சொல்லும் அந்தக் கல், சகம் 1451, விரோதி, ஆசுவயுச சுத்த 15, சந்திர கிரகணம் என்று நாளைக் குறிக்கிறது. அது 1529 அக்டோபர் 17, ஞாயிறு. கிரகணம் இருப்பதால் இந்த நாளை அசைக்க முடியாது.

அப்படியானால் முதல் கணிப்பின்படி, மறைந்த நான்காம் நாளே காளத்தியில் முடிசூட்டு. மன்னர் ஹம்பியில் இறந்தார் என்று கொண்டால், நேர்க்கோட்டிலேயே 350 கிலோமீட்டருக்கு மேல் செய்தி வந்து சேர வேண்டும். கோட்டைக் கதவு திறக்க வேண்டும். கோயிலில் ஏற்பாடு நடக்க வேண்டும். முன்பே எல்லாம் முடிவாகியிருந்தாலொழிய நான்கு நாள் போதாது. கன்னட, தெலுங்கு நாடுகளில் அமாவாசையில் முடியும் மாதமே வழக்கு. ஆகவே நவம்பர் 20ஐயே ஏற்கிறேன். இடைப்பட்ட மாதத்துக்கு நூனிஸே விடை தருகிறார்: அச்சுதர் வரும்வரை அமைச்சர் சாளுவ நாயக்கர் ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். சீவெல் கண்முன் இருந்த வரிதான் இது.

அந்த ஒரு மாதம் வெறும் பயணக் காலமன்று என்பது என் துணிபு. சான்று மெலிந்த இடம் இது. ஆனாலும் விட்டுவிட மனமில்லை. கைக்குழந்தைக்கும் உரிமை பேச ஆளிருந்தது. கிருஷ்ணதேவராயரின் மருமகன் ராமராயர் சாதாரண ஆளல்லர். உயில் மட்டும் போதாத நிலை. மங்கோலியரிடமும் இதையே காண்கிறோம்: செங்கிஸ்கான் தன் மகன் ஒகெதெயை வாரிசாகக் குறித்துவிட்டே 1227இல் இறந்தார், ஆனாலும் 1229இல் குருல்தாய் கூடி ஏற்கும்வரை ஒகெதெயின் தம்பி தொலுய்தான் பொறுப்பில் இருந்தார். அங்கே குலத்தார் அவை செய்த வேலையை இங்கே திருமுன் செய்தது என்று நினைக்கிறேன். தெய்வம் சாட்சியாக முடிசூடியவர் தலைநகருக்குள் நுழையும்போது உரிமை கேட்பவரல்லர், அரசர்.

திருமலை அபிஷேகம் காளத்திக்கு முன்பா, பின்பா? வழியை வைத்துப் பார்த்தால் முன்பு எனத் தோன்றும். காவியத்தின் வரிசையை நாட்குறிப்பாகக் கொள்ள நான் துணியவில்லை.