25 புள்ளிகளும் ஓர் ஒப்பந்தமும்

தோற்கும் அணியை இரசிகர்கள் ஏசுவது எங்கும் உள்ள வழமை. வென்றுகொண்டிருக்கும் அணியின் இரசிகர்கள், தமது சொந்த மைதானத்திலேயே அதன் பயிற்றுவிப்பாளர் ஒருவரைப் பதவிநீக்குமாறு கூச்சலிடுவது அபூர்வம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அணிக்கு 2023 ஆம் ஆண்டில் அது நேர்ந்தது.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைப்பது நாம் அறிந்த ஆட்டமன்று. அதில் ஓரணி பத்து யார் தூரம் முன்னேறுவதற்கு நான்கு வாய்ப்புகளைப் பெறுகிறது. ஒவ்வொரு வாய்ப்புக்கும் முன்னர் ஆட்டம் நிற்கும்; பந்தைச் சுமந்து ஓடுவதா, எறிவதா, யாருக்கு எறிவது என்பது முன்கூட்டியே தெரிவு செய்யப்படும். மூன்று முயற்சிகளும் பிழைத்தால், நான்காவதில் பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் ஒப்படைப்பதே பெரும்பாலும் வழக்கம். ஆகவே, 'நானாக இருந்தால் வேறு நகர்வைத் தெரிவு செய்திருப்பேன்' என்று எண்ணிக் கொதிப்பதற்குப் பார்வையாளனுக்கு ஓர் ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் சந்தர்ப்பம் கிடைக்கிறது.

அந்தத் தெரிவு ஆரம்பத்தில் பயிற்றுவிப்பாளரின் கையில் இருக்கவில்லை. களத்துக்கு வெளியேயிருந்து நகர்வுகளைச் சொல்லியனுப்புவது நெடுங்காலம் விதிகளுக்கு முரணானதாகும். களத்தில் நின்ற மாணவனே தீர்மானித்தான். 1905 இல் ஆட்டத்தின் வன்முறையால் நிகழ்ந்த மரணங்கள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் தலையிடும் அளவுக்குச் சென்றன. மறு ஆண்டு, பந்தை முன்னோக்கி எறிவது சட்டபூர்வமாக்கப்பட்டது. ஓடுவதா எறிவதா என்ற விவாதம் அன்று பிறந்தது. பின்னர் கிளீவ்லாண்ட் தொழில்முறை அணியின் போல் பிரவுண், வீரர்களை மாறி மாறித் தூதுவர்களாக அனுப்பி ஒவ்வொரு நகர்வையும் தாமே கட்டளையிட்டார். கல்லூரிகளிலும் அதிகாரம் படிப்படியாகக் களத்திலிருந்து வெளியே நகர்ந்தது. 2024 இல் முதல்நிலைக் கல்லூரி அணிகளின் தலைக்கவசத்துக்குள் வானொலி பொருத்தவும் அனுமதி கிடைத்தது.

இம்மாற்றத்துடன் பழியின் முகவரியும் மாறியது. இருபது வயது மாணவனின் தவறு மன்னிக்கப்படலாம். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான டொலர் பெறுபவரின் தவறு அப்படியன்று. ஆயினும் வெற்றி பல குறைகளை மூடிவிடும். 1951 முதல் 1978 வரை ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக அணியை நடத்திய வூடி ஹேய்ஸ் எறிதலை நம்பாதவர். அவரது ஆட்டம் மூன்று யார் தூரமும் ஒரு புழுதிப்படலமுமே என்று கேலி செய்யப்பட்டது. ஆனால் 1954 இலும் 1968 இலும் அவர் தேசிய வெற்றிக்கிண்ணத்தை வென்றார்.

அயோவாவில் வெற்றி அவ்வாறு மூடவில்லை. அம்மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணிகள் எவையும் இல்லை. ஏறத்தாழ 69,000 பேர் அமரும் கினிக் மைதானமே அங்கு சனிக்கிழமைகளின் கோயில். 1999 முதல் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர் கேர்க் ஃபெரன்ஸ். 2017 இல் தாக்குதல் ஆட்டத்தின் பொறுப்பு அவரது மகன் பிரயனுக்கு வழங்கப்பட்டது. உறவினரை மேற்பார்வை செய்தல் தொடர்பான விதிகளின் காரணமாக, மகன் தந்தைக்கன்றி விளையாட்டுத்துறைப் பணிப்பாளருக்கே பொறுப்புக்கூற வேண்டும் என்பது கடதாசியிலான ஏற்பாடு.

2022 பருவத்தின் முதலாட்டத்தில் அயோவா 7-3 என வென்றது. அந்த ஏழில் நான்கு புள்ளிகளைத் தடுப்பாட்ட வீரர்களே ஈட்டினர். தாக்குதல் அணியின் பங்கு மூன்று. பருவ முடிவில் சராசரி 17.7 புள்ளிகள். முன்னேறிய தூரத்தில் 131 அணிகளுள் 130 ஆம் இடம். 2023 பெப்ரவரியில் பிரயனின் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. சம்பளம் 50,000 டொலரால் குறைந்து 850,000 ஆகியது. குறைந்தது ஏழு வெற்றிகளும் ஆட்டமொன்றுக்குச் சராசரி 25 புள்ளிகளும் வேண்டும். இல்லையேல் ஒப்பந்தம் முடிவுறும்.

இரசிகரின் சினம் இவ்வாறு ஓர் எண்ணாக மாற்றப்பட்டது. ஆனால் அந்த எண்ணில் ஓட்டை இருந்தது. தடுப்பாட்ட வீரர்கள் ஈட்டும் புள்ளிகளும் அதில் சேரும். இரசிகர்கள் வாராவாரம் கூட்டிக் கழித்தனர். ஆட்டத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக ஒரு கணக்கேட்டைப் பார்த்தனர். முதன்மை எறிவீரர் செப்டெம்பர் இறுதியிலேயே காயமுற்று விலகியமையையும் நியாயம் கருதிச் சொல்ல வேண்டும். ஒக்டோபர் 21 இல் மினசோட்டாவிடம் 12-10 எனச் சொந்த மண்ணில் தோற்றபின், 30 ஆம் திகதி, இடைக்காலப் பணிப்பாளர் பெத் கெற்ஸ் பருவ முடிவுடன் பிரயன் விலகுவார் என அறிவித்தார். எஞ்சியிருந்த நான்கு வழமையான ஆட்டங்களையும் அயோவா வென்றது: 10-7, 22-0, 15-13, 13-10. பின்னர் பிராந்திய இறுதியில் மிச்சிகனிடம் 26-0 எனவும், புத்தாண்டுத் தினத்தில் ரெனசியிடம் 35-0 எனவும் வீழ்ந்தது. பத்து வெற்றிகள், நான்கு தோல்விகள், சராசரி 15.4 புள்ளிகள்.

அந்தப் பருவத்தின் நாயகன், பந்தை எதிரணியிடம் உதைத்து ஒப்படைக்கும் அவுஸ்திரேலியரான ரோரி ரெய்லர். அவர் உதைத்த மொத்தத் தூரம் 4,479 யார். 1938 முதல் நிலைத்திருந்த சாதனை அதனால் முறியடிக்கப்பட்டது. தோல்வியுற்ற முயற்சிகளின் எண்ணிக்கைக்கு அதைவிடச் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.

2024 இல் ரிம் லெஸ்ரர் பொறுப்பேற்றார். சராசரி 27.7 ஆக உயர்ந்தது. வெற்றிகளோ எட்டாகக் குறைந்தன. அப்போதும் பந்து பெரும்பாலும் ஓடியே முன்னேறியது. எறிந்து பெற்ற தூரம் நாட்டின் கடைநிலைகளிலேயே இருந்தது. 2025 செப்டெம்பரில் தந்தை ஃபெரன்ஸ் தமது 206 ஆவது வெற்றியுடன், பிராந்திய வரலாற்றில் வூடி ஹேய்ஸையே முந்தினார்.

இக்கணக்குகளை அடுக்கிப் பார்க்கையில் ஒன்று புலனாகிறது. ஓடுவதா எறிவதா என்பது மட்டும் அந்த இரசிகர்களின் வழக்கன்று. தந்தை தலைமையில், மகன் பொறுப்பில், ஆண்டுதோறும் அதே குறை தொடர்ந்தபோது, கேள்வி கேட்கவும் பதில் பெறவும் கூடிய ஓரிடத்தையே அவர்கள் தேடினர். பல்கலைக்கழகம் அவர்களுக்கு முதலில் கொடுத்தது ஓர் இலக்கம். எட்டு மாதங்கள் கழித்தே ஒரு முடிவைக் கொடுத்தது. பொது நிறுவனங்கள் இந்த இரண்டையும் ஒன்றெனக் கருதும் பழக்கம் அயோவாவுக்கு மட்டும் உரியதன்று.