அரிவாள்மனையும் ஆறு கத்திப் பெட்டியும்

தமிழ்ச் சமையலறைக்குள் கத்தி தாமதமாகத்தான் வந்தது. காய் அரிந்தது அரிவாள்மனை. பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அசையாமல் நிற்கும் அலகை நோக்கிக் காயைக் கொண்டுபோக வேண்டும். இரண்டு கைகளும் காயைப் பிடிக்கலாம் என்பதால் வழுக்கும் சேனைக்கிழங்கும் ஒரு கட்டுக் கீரையும் அந்த ஒரே அலகுக்கு அடங்கின. நுனியில் பல் இருந்தால் தேங்காயும் துருவலாம். பல வீடுகளில் மீனுக்கு மட்டும் தனி மனை.

இவற்றை யாரும் தொகுப்பாக விற்கவில்லை. கொல்லரிடமோ சந்தையிலோ ஒவ்வொன்றாக, அலகின் வளைவும் பலகையின் அகலமும் பார்த்து வாங்கினார்கள். ஆனால் வாங்கியது யார்? மீன் விற்ற பெண் தன் கருவியைத் தானே பார்த்து எடுத்தாள். சந்தைக்குப் போகக்கூடாத வீட்டுப் பெண்ணுக்கு அது ஆண் கை வழியாகவே வந்தது. அரிவாள்மனையை நினைத்து ஏங்குகிறவர்கள் இதையும், தரையில் உட்கார்ந்தே தேய்ந்த முழங்கால்களையும் சேர்த்து நினைக்கலாம்.

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழல் அரிமானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாரி பிரேர்லி, துருப்பிடிக்காத எஃகுக்கு வந்து சேர்ந்தார். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊர்க் கத்திப் பட்டறைக்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள். அந்த எஃகுதான் பின்னாளில் நம் வீடுகளிலும் நிறைந்தது. 1981இல் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. இடையில் 1965இல் இண்டேன் வந்தது. அடுப்பு மேடை ஏறியதும் சமைப்பவளும் எழுந்து நின்றாள். நின்றபடி அரிய, பலகையும் கத்தியும் வேண்டியிருந்தன.

அதற்குப் பின்னர்தான் பெட்டி. ரொட்டிக்குப் பல் கத்தி, இறைச்சிக்கு நீளக் கத்தி, எலும்பு நீக்க ஒன்று என்று வேறொரு நாட்டுச் சாப்பாட்டு மேசையைக் கணக்கிட்டு அடுக்கிய ஆறு கத்திகள், மரக்கட்டையில் செருகி, கல்யாணப் பரிசாக வருகின்றன. சாம்பாருக்கும் பொரியலுக்கும் அவற்றில் இரண்டே போதும். மற்றவை காட்சிக்கு. கொடுப்பவருக்குப் பெட்டி வசதி: பெரிதாகத் தெரியும், யோசிக்க வேண்டாம். அவள் கையின் அளவு என்ன, இடக்கைக்காரியா என்றெல்லாம் பெட்டி கேட்பதில்லை. ஒற்றைக் கத்தி வாங்கப் போகிறவள் கைப்பிடியைப் பிடித்துப் பார்க்கிறாள். என் கட்சி ஒற்றைக் கத்திதான்.

ஆனால் சட்டத்தின் கண்ணுக்குப் பெட்டிதான் எளிதில் படுகிறது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 1985ஆம் ஆண்டு விதிகளின்படி, மணமகளுக்கு வந்த பரிசுகளை அவளே பட்டியலிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை, மணமக்கள் இருவரின் கையெழுத்து. அதே ஆண்டு பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனம் மனைவிக்கே முழுச் சொந்தம், கணவன் அதைத் திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்றது. ஆக, அவள் தொடாத ஆறு கத்திகளுக்கும் பட்டியலில் ஒரு வரி உண்டு.

மூன்றாம் வருஷம் பாத்திரக்கடையில் பிடித்துப் பார்த்து அவள் வாங்கிய கத்தி அதில் இல்லை. இந்துப் பெண் விலைக்கு வாங்கியது அவளுக்கே முழு உரிமை என்று 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. தான் வாங்கினேன் என்று காட்டத்தான் வழியில்லை. வீடு பிரியும்போது, 'வீட்டுச் சாமான்' என்ற ஒரே சொல்லில் கத்தி, குக்கர், மிக்ஸி எல்லாம் அங்கேயே நின்றுவிடுகின்றன. வரவுசெலவு நோட்டில் பால் கணக்குக்குக் கீழே ஒரு வரி எழுதலாம்: கத்தி ஒன்று, மரக் கைப்பிடி, தேதி, விலை, வாங்கியது நான்.