செம்பெயர்ச்சி வந்த வழி

ஆண்டகளூர் கேட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தினமும் கேட்பதுதான். சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கி ஏர்ஹாரனை அழுத்திக்கொண்டே வரும் லாரி, கிட்டே வரும்வரை ஒரு சுருதியில் அலறும். நம்மைத் தாண்டியதும் சட்டென்று சுருதி இறங்கிவிடும். ஹாரன் மாறவில்லை. வரும்போது ஒலியலைகள் நெருக்கப்படுகின்றன, போகும்போது இழுபடுகின்றன. பள்ளியில் இதை டாப்ளர் விளைவு என்று படித்திருப்போம். ஒளிக்கும் இது பொருந்தும், விலகிப் போகும் விண்மீன் திரளின் ஒளி சிவப்புப் பக்கம் பெயரும், அந்தச் செம்பெயர்ச்சியை வைத்தே பிரபஞ்சம் விரிவதைக் கண்டார்கள் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவு நம் கைக்கு வந்த வழி அதிகம் பேசப்படுவதில்லை. சேலத்துக் கிராமங்கள் பட்டினி கிடந்த காலத்தையும் தொட்டுக்கொண்டு வந்த வழி அது.

1842இல் பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் இதை முதலில் சொன்னபோது லாரியும் இல்லை, ஹாரனும் இல்லை. ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களுக்கு ஏன் வேறு வேறு நிறம் என்று விளக்கப் பார்த்தார். அந்த விளக்கம் தவறு. விண்மீனின் நிறம் அதன் வெப்பத்தால் வருவது. ஆனால் விளக்கத்துக்காக அவர் கட்டிய கணக்கு சரியாக இருந்தது! அதைச் சோதிக்க 1845இல் டச்சு விஞ்ஞானி பைஸ் பாலட் ரயிலில் எக்காளக்காரர்களை ஏற்றினார். நல்ல சுருதி ஞானம் உள்ள இசைக்கலைஞர்கள் தண்டவாளத்தின் ஓரம் நின்று காதைக் கொடுத்தார்கள். முதல் முயற்சி பனியிலும் குளிரிலும் கெட்டுப்போக, கோடையில் மறுபடி நடத்தினார்கள். சுருதி ஏறி இறங்கியது எல்லோர் காதிலும் விழுந்தது.

ஒளியின் சுருதியை எதை வைத்துப் பிடிப்பது? அதற்கான அடையாளம் முப்பது ஆண்டு முன்பே ஒரு கண்ணாடிப் பட்டறையில் தயாராகிவிட்டது. மியூனிக்கில் கண்ணாடி வெட்டும் வேலை பழகிய அனாதைச் சிறுவன் ஜோசப் பிரவுன்ஹோபர். 1801இல் அவன் வேலை செய்த வீடு இடிந்து விழுந்தது. இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட பையனை நேரில் பார்த்த ஆட்சியாளர் காசு கொடுத்து ஆதரித்தார். வளர்ந்து பெரிய லென்ஸ் தொழிலாளியான அவர், கண்ணாடியின் தரத்தை அளக்க முனைந்தபோது, 1814 வாக்கில், சூரியனின் நிறமாலையில் நூற்றுக்கணக்கான கருங்கோடுகளைக் கண்டார். அவற்றுள் 574 கோடுகளைக் குறித்தும் வைத்தார். 1848இல் பிரான்சின் பிசோ, நிறத்தைப் பார்க்க வேண்டாம், கோடு இடம் மாறுகிறதா என்று பாருங்கள் என்றார். லண்டனில் குடும்பத்துப் பட்டு ஜவுளி வியாபாரத்தை விற்றுவிட்டு வீட்டிலேயே தொலைநோக்கி வைத்துக்கொண்ட வில்லியம் ஹக்கின்ஸ், 1868இல் சிரியஸ் விண்மீனில் அப்படியொரு கோட்டு நகர்வை அளந்து வெளியிட்டார்.

அடுத்த பத்தாண்டில் நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சத்தில் மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. நாமக்கல் அப்போது அதன் தாலுகா. மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி லண்டன் வரை போனது. வில்லியம் ஹன்டர் என்ற அதிகாரி 1877இல் சென்னையின் மழைக் கணக்கையும் சூரியப் புள்ளிகள் பெருகிக் குறையும் பதினோரு ஆண்டுச் சுற்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். அந்தத் தொடர்பு பிறகு நிற்கவில்லை. ஆனால் சூரியனைப் படித்தால் பருவமழை பிடிபடும் என்ற எண்ணம் நின்றது. 1893இல் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு, தென்னிந்திய மலையொன்றில் சூரிய ஆய்வகம் வேண்டும் என்று முடிவு செய்தது. 1899இல் கொடைக்கானல் ஆய்வகம் வேலையைத் தொடங்கியது. சாவு விழுந்த வீடுகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த மக்களைச் சொல்லாமல் கொடைக்கானலின் புகழை மட்டும் பாட எனக்கு மனம் வரவில்லை.

அங்கே 1907இல் வந்து சேர்ந்தார் ஜான் எவர்ஷெட். அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல், சூரியப் புள்ளிகள் சுழற்காற்றுப் போலச் சுழலும் என்று கருதி, 1908இல் அவற்றில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டார். அந்தச் சுழற்சியைக் கோடுகளில் பிடிக்கலாம் என்று எவர்ஷெட் பார்த்தார். 1909 ஜனவரி 5ஆம் தேதி எடுத்த படங்களில் கோடுகள் சாய்ந்துதான் இருந்தன. புள்ளியின் ஒரு கரையில் நீலத்தின் பக்கம், மறு கரையில் சிவப்பின் பக்கம். ஆனால் அந்தச் சாய்வு சுழற்சிக்கு ஒத்துவரவில்லை. வாயு புள்ளியின் நடுவிலிருந்து நாலாபுறமும் வெளியே பாய்ந்துகொண்டிருந்தது! இன்றும் உலகம் முழுக்கப் பாடநூல்களில் இதன் பெயர் எவர்ஷெட் விளைவு.

கொடைக்கானலின் இன்னொரு அத்தியாயம் அதைவிடச் சுவையானது. பெரிய நிறையிலிருந்து கிளம்பும் ஒளி சற்றே சிவக்கும் என்று ஐன்ஸ்டைன் கணித்திருந்தார். சூரியனுக்கு அந்த அளவு பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. எவர்ஷெட்டும், மான்செஸ்டரில் ரூதர்போர்டோடு வேலை செய்துவிட்டு இங்கே வந்த தாமஸ் ராய்ட்ஸும் சூரியக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதை அளந்தார்கள். ஆனால் வட்டின் நடுவில் ஓர் அளவு, விளிம்பில் வேறு அளவு. காரணம் பூமியின் பக்கம் இருக்குமோ என்ற சந்தேகத்தில் எவர்ஷெட் வெள்ளிக் கிரகத்தைப் பிடித்தார். நமக்குத் தெரியாத சூரிய முகத்தின் ஒளி வெள்ளியில் பட்டுத் திரும்பி வருமல்லவா! அந்த யோசனையின் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் பிளாக்ஸ்டாபில் வெஸ்டோ ஸ்லைபர் வேறு வேலையில் இருந்தார். அவருடைய முதலாளி பெர்சிவல் லோவல், செவ்வாயில் கால்வாய் தேடிய பணக்காரர். வானத்தில் சுருள் சுருளாகத் தெரியும் புகைத் திட்டுகள் புதிதாக உருவாகும் சூரியக் குடும்பங்கள் என்று நம்பி, அவற்றைப் பார்க்கச் சொன்னார். 1912இல் ஆண்ட்ரோமெடா நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருவதாகத் தெரிந்தது. மற்றவை பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடின: 1917இல் அவர் வெளியிட்ட 25 திட்டுகளில் 21 விலகிக்கொண்டிருந்தன. அவை எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பது மட்டும் தெரியவில்லை.

அந்தத் தூரத்தை எட்வின் ஹபிள் அளந்தார்; அந்தத் திட்டுகள் தனித்தனி விண்மீன் திரள்கள் என்று தெரிந்தது. அதற்கான கோலைக் கொடுத்தவர் ஹென்ரியட்டா லீவிட். துடிக்கும் விண்மீன்களின் துடிப்பு நேரத்திலிருந்தே அவற்றின் உண்மையான பிரகாசத்தைச் சொல்லலாம் என்று 1912இல் காட்டியவர். 1929இல் ஹபிள் 24 திரள்களை வைத்து, தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடுகிறது என்றார். அவருக்காக மங்கலான திரள்களின் நிறமாலையை இரவிரவாக எடுத்தவர் மில்டன் ஹியூமாசன். பதினான்கு வயதில் படிப்பை நிறுத்தியவர். வானாய்வகம் அமைந்த மவுண்ட் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிப் போனவர். பிறகு அங்கேயே துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்து வானியலாளரானார். பாரம் ஏற்றிப் பிழைக்கும் நாமக்கல் சீமையில் சொல்லிக் கொண்டாட வேண்டிய பெயர்.

இதற்குள் பெல்ஜியத்துப் பாதிரியார் லெமைத்ர் 1927இலேயே விடையை எழுதி, அதிகம் பேர் படிக்காத ஓர் இதழில் வெளியிட்டிருந்தார். திரள்கள் வெளியில் பாய்ந்து ஓடவில்லை. வெளிதான் விரிகிறது, அதில் பயணம் செய்யும் ஒளியலையும் கூடவே நீள்கிறது. லாரி ஹாரனில் தொடங்கிய விளக்கம் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

விரிவை ஒப்புக்கொண்டும் தொடக்கத்தை மறுத்தவர்கள் உண்டு. 1948இல் ஹாய்ல், பாண்டி, கோல்டு மூவரும், இடைவெளியில் புதிதாகப் பொருள் பிறந்துகொண்டே இருப்பதால் பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரிதான் என்றனர். நம் ஜெயந்த் நார்லிகர் ஹாய்லின் மாணவர். 1965இல் கண்டறியப்பட்ட, தொடக்க வெப்பத்தின் மிச்சமான நுண்ணலைப் பின்னணி அந்தக் கொள்கைக்குப் பெரிய அடி. இன்னோர் அடி ஊட்டியிலிருந்து போனது. கோவிந்த் ஸ்வரூப் அங்கே 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கியை 1970இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார். அது நிற்கும் மலைச்சரிவு வடக்குத் தெற்காக 11 பாகை சாய்ந்தது. நாமக்கல்லும் சேலமும் ஊட்டியும் ஏறத்தாழ அதே 11 பாகை அட்சரேகையில்தான் இருக்கின்றன. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு ரேடியோ மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். நிலா அந்த மூலங்களை மறைக்கும் நேரத்தைக் குறித்து அவற்றின் அளவை அறிந்தார்கள். தொலைவில், அதாவது பழங்காலத்தில், இருந்தவை இன்றுள்ளவை போல் இல்லை என்று 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் காட்டினார்கள்.

அந்தத் தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை. ஹைட்ரஜன் அணு இயல்பாக வெளியிடும் ரேடியோ அலை 1420 மெகாஹெர்ட்ஸ், நீளம் 21 சென்டிமீட்டர். ஏறக்குறைய 1,200 கோடி ஆண்டுக்கு முன் கிளம்பிய ஹைட்ரஜன் அலை, பிரபஞ்சத்தோடு சேர்ந்து நாலேகால் மடங்குக்குச் சற்று மேல் நீண்டு, 92 சென்டிமீட்டராக, சரியாக ஊட்டியின் அலைவரிசையில் வந்து விழுகிறது. நம் சொந்தப் பால்வெளியின் ரேடியோ இரைச்சல் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பலமானது. அதிலிருந்து அந்த மெல்லிய அலையைப் பிரித்தெடுப்பதுதான் இப்போதைய சவால். அதற்காக, 530 மீட்டர் நீளத்தில் வரிசையாக நிற்கும் 1,056 ஏரியல்களையும் சிறு சிறு பிரிவுகளாக்கித் தனித்தனியே பதிவு செய்யும் திட்டத்தை வகுத்திருக்கிறார்கள்.