'அ'வை அழுத்தினால் 'ய' வருகிறது: நம் கீபோர்டின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆசிரியர்களும், நமக்கு வினாத்தாள் டைப் பண்ணித் தரும் கொம்யூனிகேஷன் கடைக்காரர்களும் கடைசி வரை வாசித்தால் சந்தோஷம்.

போன தவணை விடுமுறையில் எங்கள் பாடசாலைக் கணினி அறைக்குத் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் வாங்கினோம். வத்தளையில் நாலைந்து கடை ஏறி இறங்கினோம். சிங்கள ஸ்டிக்கர் இருந்தது, தமிழ் இல்லை. கடைசியில் ஒன்லைனில் ஓர்டர் போட்டோம். பார்சல் வந்தது, காசைக் கொடுத்தோம், பிள்ளைகளோடு உட்கார்ந்து பத்துக் கீபோர்டிலும் ஒட்டி முடித்தோம்.

முதலில் ஒரு பிள்ளை 'அம்மா' என்று அடித்தாள். ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து அ, ம, புள்ளி, ம, ஆ. திரையில் வந்தது: யமகமங.

அறை முழுக்கச் சிரிப்பு. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, பத்துக் கீபோர்டுக்கும் காசு கொடுத்தாயிற்று. விற்றவருக்கு எழுதினோம். "தமிழ் எழுத்துத்தானே அனுப்பினோம், என்ன பிழை?" என்று பதில் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் பிழையில்லை. ஸ்டிக்கரில் இருந்ததும் தமிழ்தான், எங்கள் கணினியில் இருந்ததும் தமிழ்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு தமிழ். அது ஏன் என்று தேடப் போனபோது, கதை எங்களை யாழ்ப்பாணம் சுண்டிக்குளி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

சுண்டிக்குளியில் 1886இல் பிறந்தவர் ஆர். முத்தையா. 1907இல் மலாயாவுக்குப் போய், பிறகு சிங்கப்பூரில் ஐசாக் ஹெண்டர்சன் கம்பனியில் 1930 வரை தலைமை லிகிதராக வேலை பார்த்தவர். கந்தோரில் ஆங்கில டைப்ரைட்டர் ஓடுவதைப் பார்த்தவருக்குத் தமிழில் ஏன் இல்லை என்ற கேள்வி வந்தது. சிக்கல் என்னவென்றால், ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கு 247. இயந்திரத்திலோ ஐம்பது விசைகூட இல்லை.

முத்தையா எழுத்துகளை உடைத்துப் பார்த்தார். 'கி'க்குத் தனி விசை எதற்கு? 'க' இருக்கிறது, மேலே ஒரு வளைவு போதும். 'கா'வுக்கு 'க'வும் ஒரு காலும் போதும். புள்ளி போன்ற மேலே விழும் குறிகளுக்கு நகராத விசைகள் வைத்தார். அதை அடித்தால் தாள் நகராது, அடுத்த எழுத்து அதனோடு சேர்ந்தே விழும். இப்படி அமைந்த இயந்திரத்தை ஜேர்மனியில் செய்வித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். தமிழ் டைப்ரைட்டரின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டைப்ரைட்டருக்கு எழுத்து என்றால் தாளில் விழும் வடிவம் மட்டும்தான். 'ர்' என்பது ஒரு காலும் மேலே புள்ளியும். அது ரகர மெய் என்று இயந்திரத்துக்குத் தெரியத் தேவையில்லை. வாசிக்கிற நமக்குத் தெரிந்தால் போதும்.

அந்தப் பழக்கம் அப்படியே கணினிக்குள் வந்தது. அன்றைய எழுத்துருக்களில் ஓர் எழுத்துக்கு ஒரு இடம் என்று மொத்தம் 256 இடம்தான். அதில் முதற்பாதி ஆங்கிலத்துக்குரியது. நம்மவர்கள் அந்த ஆங்கில இடங்களிலேயே தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். நம் நாட்டில் வீடு வீடாகப் பரவிய பாமினி அப்படிப்பட்ட எழுத்துரு. விசை ஒழுங்கு டைப்ரைட்டர் வழியில் வந்தது, ஆகவே தட்டச்சு படித்தவர்களுக்குப் புதிதாகப் பழக எதுவும் இல்லை. ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. இந்த ஐந்தையும் அடித்தால் திரையில் 'தமிழ்' என்று தெரியும். ஆனால் கணினியின் நினைவில் இருப்பது தமிழ் அல்ல, அந்த ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான். பாமினி என்ற கண்ணாடியைப் போட்டால்தான் அது தமிழாகத் தெரியும்.

கண்ணாடி ஒன்றாக இருந்திருந்தால் பரவாயில்லை. ஊருக்கொன்று, பத்திரிகைக்கொன்று, கம்பனிக்கொன்று வந்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைச் செய்தார். இணையத்தில் கூடிப் பேசியவர்கள் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெற் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும், தமிழ் 99 என்ற விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது. எல்லோரும் நல்லதற்குத்தான் செய்தார்கள். ஒருவர் அனுப்பியதை மற்றவர் வாசிக்க முடியாமல் போனதுதான் மிச்சம்.

எங்கள் ஸ்டிக்கரில் வந்தது இந்தத் தமிழ் 99தான். அதில் உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. 'அ' இருப்பது ஆங்கில ஏ விசையில். பாமினியில் அதே விசை 'ய'. தமிழ் 99இல் புள்ளி இருக்கும் விசை பாமினியில் 'க'. 'ம' மட்டும் தற்செயலாக இரண்டிலும் ஒரே இடம். அதனால்தான் 'அம்மா' யமகமங ஆனாள்.

யுனிகோட் இந்தக் குழப்பத்தை வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியாக 128 இடம் ஒதுக்கப்பட்டது. சிங்களம் உள்ளே வந்தது 1999இல்தான். யுனிகோடில் 'த' என்றால் 'த'. எந்த எழுத்துருவைப் போட்டாலும், எந்தத் தொலைபேசியில் திறந்தாலும் அது 'த'வாகவே இருக்கும். இந்தியாவின் இஸ்கி குறியீட்டைப் பின்பற்றித் தமிழை அடுக்கியது சரியா என்று தமிழறிஞர்கள் பல வருடம் வாதாடினார்கள், அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் இந்தப் பதிவை வாசிப்பது அதனால்தான். நம் நாட்டிலும் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரம் வந்தது. உள்ளே சேமிப்பது யுனிகோட், விசைகள் டைப்ரைட்டர் வழிவந்த ரெங்கநாதன் ஒழுங்கு. விரலின் பழக்கத்தையும் விடாமல், எழுத்தையும் சரியாகச் சேமிக்க ஒரு வழி.

அப்படியென்றால் பிரச்சினை முடிந்ததா? எங்கள் பாடசாலையில் முடியவில்லை.

எங்களுக்கு மூத்த ஆசிரியை ஒருவர் ஓய்வு பெறும்போது ஒரு பென் டிரைவைக் கையில் தந்துவிட்டுப் போனார். பதினொரு வருடத் தமிழ், இஸ்லாம் பாட வினாத்தாள்கள், குறிப்புகள், மீலாத் விழாவுக்கு எழுதிய பேச்சுகள். "பிள்ளைகளுக்கு உதவும், வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். எல்லாம் பாமினியில். வட்ஸ்அப்பில் அனுப்பினால் பெற்றோரின் தொலைபேசியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரிந்தது. "டீச்சர், வைரஸா?" என்று ஒரு தாய் கேட்டார்.

மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன. போட்டு மாற்றினோம். பெரும்பகுதி அழகாக வந்தது. ஆனால் இஸ்லாம் பாட வினாத்தாளில் சறுக்கியது. ஜ, ஷ, ஸ, ஹ என்ற நான்குக்கும் பாமினியில் ஆங்கில எழுத்து எதுவும் மிஞ்சவில்லை. சதுர அடைப்புக்குறிக்கும், சாய்கோட்டுக்கும், மூலையில் கிடக்கும் குட்டிக் குறிக்கும்தான் அவை போயின. 'ஹஜ்' என்ற சொல்லைப் பாமினியில் அடித்தால் உள்ளே ஓர் ஆங்கில எழுத்துக்கூட இருக்காது, மூன்றும் வெறும் குறிகள். ஆகவே குறிகளைத் துடைத்துவிடும் எந்த மென்பொருளின் கையில் பட்டாலும் முதலில் காணாமற் போவது நம் ஹஜ்ஜும், ஸகாத்தின் ஸ-வும், ஹஸன், ஷாஹுல் என்ற பெயர்களும்தான். மறுபக்கம், புள்ளித் திட்டத்துக்காக ஆங்கில எழுத்துருவில் போட்ட சதுர அடைப்புக்குறிகள் மாற்றும்போது ஜ, ஸ ஆகிவிட்டன. 'ஜ2 புள்ளிகள்ஸ' என்று வந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்தோம்.

இதை எழுதும்போது எங்கள் உம்மும்மாமார் ஞாபகம் வருகிறது. அவர்கள் காலத்தில் அரபுத் தமிழ் இருந்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அரபியில் இல்லாத ப, ட, ண, ள போன்ற ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்திலேயே அடையாளம் சேர்த்துப் புது எழுத்துச் செய்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியவர்கள் அதில் கிதாபுகளே எழுதினார்கள். மத்ரஸாவில் சொல்லிக் கொடுத்த வரைக்கும் வீட்டில் பெண்கள் அதை வாசித்தார்கள். சொல்லிக் கொடுப்பது நின்ற பிறகு, அந்தக் கிதாபுகள் எத்தனையோ வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில் பத்திரமாக இருக்கின்றன. எடுத்து முத்தமிட்டு வைக்கிறோம், வாசிக்கத் தெரியாது.

பாமினிக் கோப்புகளும் அந்த மேல்தட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், அரபுத் தமிழ் அப்படிப் போக இரண்டு மூன்று தலைமுறை எடுத்தது. இதற்கு ஒரு பழைய கணினி பழுதானால் போதும்.

செய்ய முடியாத வேலை இல்லை இது. 1998 பொங்கலில் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்களை மயிலையில் ஏற்றினார்கள், பிறகு திஸ்கிக்கு, பிறகு யுனிகோடுக்கு மாற்றினார்கள். தொண்டர்கள்தான், சம்பளத்துக்கு அல்ல. நம்மிடம் இருப்பது சில பென் டிரைவ்கள் மட்டும்.

எங்கள் பாடசாலையில் இப்படி முடிவெடுத்தோம். ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை. கணினியில் தமிழ் 99 யுனிகோட் விசைப்பலகையைப் போட்டோம். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு அது இலகு. டைப்ரைட்டர் ஒழுங்கில் கை பழகிய ஆசிரியர்கள் ரெங்கநாதனிலேயே அடிக்கிறார்கள். விரல் எந்த வழியால் போனாலும் சேமிக்கப்படும் எழுத்து ஒன்றாக இருந்தால் சரி. அந்தப் பிள்ளை இப்போது 'அம்மா' என்றால் அம்மாதான் வருகிறாள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பாமினிக் கோப்பு இருந்தால் இந்த விடுமுறையிலேயே மாற்றுங்கள். பழைய கோப்பை அழிக்க வேண்டாம், இரண்டையும் வையுங்கள். ஆங்கிலச் சொற்களும் அடைப்புக்குறிகளும் உள்ள பகுதிகளைத் தனியாகப் பிரித்து, தமிழை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஜ, ஷ, ஸ, ஹ வரும் சொற்களையும் ஆட்களின் பெயர்களையும் ஒருதரம் கண்ணால் பாருங்கள். டைப் பண்ணக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் "யுனிகோடில் தாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஸ்டிக்கர் வாங்குபவர்கள் எந்த விசைப்பலகை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டீச்சருடைய பதினொரு வருடத்தில் இதுவரை நான்கு வருடத்தை மாற்றி முடித்திருக்கிறோம். மிச்சம் ஏழு. வத்தளை, மாபோலைப் பக்கம் யாருக்காவது சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் இருந்தால் கொமெண்டில் சொல்லுங்கள். பிளேன்டீ எங்கள் செலவு.