மழைக்காலம் நீங்கலாக

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்துப் பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது 1993ல். ஒரு திட்டம் மண்ணையும் நீரையும் காற்றையும் என்ன செய்யும் என்று முன்கூட்டியே ஆராய்ந்தாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இந்தியாவில் பிறந்தது 1994 ஜனவரி 27ஆம் தேதி. காவிரிப் படுகையின் எண்ணெய் வரலாற்றைப் படிக்கிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே வேலை முந்திக்கொண்டது. கேள்வி பின்னால் வந்தது.

நான் வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். தஞ்சை ஒரே மாவட்டமாக இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தேன். 1991ல் நாகை பிரிந்தது, 1997ல் திருவாரூர் பிரிந்தது. மாவட்ட எல்லைகள் மாறினாலும் வெண்ணாற்றுத் தண்ணீர் போகும் வழி மாறவில்லை. அந்த வழியைப் பின்பற்றிப் போனால்தான் இந்த வரலாறு புரியும்.

டெல்டாவில் ஓரிடத்தில் கைவைத்தால் வேறோரிடத்தில் விளைவு தெரியும் என்பது பழைய பாடம். காவிரியின் தண்ணீரைக் கொள்ளிடம் இழுத்துக்கொண்டு போக, காவிரியோ மணல் மேடிட்டு வந்தது. அதைத் தடுக்க 1836ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கினார். அணை நினைத்ததற்கு மேலேயே வேலை செய்தது. காவிரிக்குள் தண்ணீர் பாய்ந்து படுகையை அரிக்க ஆரம்பித்தது. 1840களில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தவும், காவிரித் தலைப்பில் தடுப்புக் கட்டவும் வேண்டியதாயிற்று. நன்மைக்கென்று கட்டிய அணைக்கே பின்விளைவு தெரியச் சில ஆண்டுகள் ஆயின. பூமியைக் குடைகிற வேலைக்கு எத்தனை ஆண்டுக் கவனம் வேண்டும்?

எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் 1960களில் காரைக்கால் பக்கம் தேடலைத் தொடங்கியது. 1980களின் நடுவில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பாள், குத்தாலம் என்று கிணறுகள் பெருகின. முன்கூட்டிய ஆய்வைக் கட்டாயமாக்கிய 1994 அறிவிக்கை எண்ணெய்த் துரப்பணத்தையும் தன் பட்டியலில் சேர்த்தது. 1997 ஏப்ரலில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமானது. 2006 செப்டம்பர் 14ஆம் தேதி புதிய அறிவிக்கை வந்தது. முதல் தலைமுறைக் கிணறுகள் தோண்டப்பட்டபோது அந்த வயல்களின் மண்ணும் நீரும் எப்படி இருந்தன என்று பதிந்து வைக்கும்படி எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அதனால் இன்று 'முன்பு எப்படி இருந்தது?' என்று கேட்டால், பெரும்பாலும் பெரியவர்களின் நினைவுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம் வந்த பிறகு ஆய்வுகளும் வந்தன. அந்த ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வகுத்த நெறியில் ஒரு வாசகம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எண்ணெய் வயலை மையமாக வைத்துப் பத்து கிலோமீட்டர் ஆரத்தில், மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்துக்கு, காற்று, நீர், மண் பற்றிய அடிப்படைத் தரவு எடுத்தால் போதும் என்பது அதன் சாரம்.

எங்கள் ஊர்க் கணக்கு வேறு. மேட்டூர் அணையைத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. குறுவை, சம்பா, தாளடி எல்லாம் இதற்குள் அடக்கம். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது அறுவடை முடியும் தையும், உளுந்தும் பயறும் நிற்கும் மாசி, பங்குனியும், வெடித்துக் கிடக்கும் சித்திரையும்தான். ஆறு வறண்டு, வாய்க்கால் காய்ந்து கிடக்கும் இந்த மாதங்களில் எடுத்த அளவை வைத்து, தண்ணீரால் வாழும் நாட்டின் பாதிப்பை எப்படி மதிப்பிடுவது?

மண் மாதிரி எடுக்கச் சித்திரை நல்ல மாதம்தான். வயலில் பயிர் இருக்காது. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்துப்போல 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுப்போம். வரப்போரம் எடுக்கக் கூடாது. எருக் குவித்த இடத்தில் எடுக்கக் கூடாது. வயலின் பல இடங்களில் எடுத்ததை ஒன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைக் கழித்துக் கழித்துக் கடைசியில் அரைக் கிலோவைப் பையில் கட்டுவோம். ஒரு மா நிலத்துக்கு உரச் சிபாரிசு எழுதுவதற்கே இவ்வளவு பார்க்கிறோம். ஆனால் இந்த அரைக் கிலோ மண்ணால் கார்த்திகையில் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று சொல்ல முடியாது.

அதைக் கார்த்திகையில் போய்த்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை கடைமடை ஊர் ஒன்றுக்கு மழைச் சேதக் கணக்கெடுக்கப் போனேன். தூர் கட்டும் பருவத்துச் சம்பா மூழ்கிக் கிடந்தது. வயலுக்குக் கிழக்கே எண்ணெய்க் கிணற்றுக்காகக் கிராவல் கொட்டி உயர்த்திய தளம். அதற்கு லாரி போக ஒரு மேட்டுச் சாலை. சாலைக்கு அடியில் வடிகாலுக்கென்று ஒரே ஒரு சிமெண்ட் குழாய். அதன் வாயை ஆகாயத்தாமரை அடைத்திருந்தது.

"எத்தனை நாளா நிக்குதுங்க?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம் ஆவுதும்மா. முன்னெல்லாம் மழை விட்டா ரெண்டு நாள்ல வடிஞ்சிரும். இந்த ரோட்டப் போட்டப்பறம் தண்ணிக்குப் போக வழியில்ல" என்றார் அந்த விவசாயி.

ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்து, தூர் வழவழத்து, அழுகல் வாடை அடித்தது. பங்குனியில் வந்து பார்க்கிறவருக்கு அந்த வடிகால் ஆடு மேயும் வறண்ட பள்ளம். அடைப்பு என்று எழுத அங்கே அவருக்கு ஒன்றும் தெரியாது.

பத்து கிலோமீட்டர் வட்டமும் எங்கள் நிலத்துக்குப் பொருந்தாது. மேல ஊருக்கு வடிகால், கீழ ஊருக்குப் பாசனம். டெல்டாவின் கட்டுமானமே அதுதான். துளையிடும்போது பெண்டோனைட், பேரைட் கலந்த சேற்றைக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். கிணறு ஓடும்போது எண்ணெயோடு உப்பு நீரும் மேலே வருகிறது. இவை தேங்கும் குழி ஒரு கனமழையில் நிரம்பி வழிந்தால், போகிற பாதை வட்டமாக இருக்காது. வடிகாலோடு இறங்கி, அடுத்த ஊரின் மடைக்குள் நுழைந்து, கடல் வரை போகும். கிணறு கிணறாக ஆராய்ந்தால், ஒரே வடிகாலில் நாலு கிணறு சேர்ந்து செய்வது கணக்கில் வராமல் போகும்.

ஆய்வுகள் விட்டுவிட்ட கேள்விகளை ஊர்களே கேட்டன. 2010ல் மன்னார்குடி நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு ஒப்பந்தம் ஆனது. மீத்தேன் எடுக்க வேண்டுமானால் நிலத்தடி நீரை முதலில் இறைத்துக் கொட்ட வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் விளக்கினார் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30ஆம் தேதி பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2015ல் தமிழக அரசு டெல்டாவில் அந்தத் திட்டத்துக்குத் தடை விதித்தது. 2017ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் எழுந்தது. அதே ஆண்டு ஜூன் 30ஆம் தேதி கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியபோது ஊரே திரண்டது.

2020 ஜனவரியில் மத்திய அரசு, எண்ணெய், எரிவாயுத் தேடல் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று அறிவிக்கையைத் திருத்தியது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. புதிய துரப்பணத்துக்கு அது தடை. முன்பிருந்தே நடக்கும் வேலைகளுக்கு அது பொருந்தாது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளால் டெல்டாவில் ஏற்பட்ட பாதிப்பை ஆராய மண் உயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் தலைமையில் 2021ல் மாநில அரசு ஒரு குழு அமைத்தது.

சட்டம் புதிய கிணற்றைத் தடுத்திருக்கிறது என்பதற்காகப் பழைய கிணறுகளை மறந்துவிடக் கூடாது. கைவிட்ட கிணறு, மண்ணுக்குள் கிடக்கும் குழாய், உயர்த்திய தளம் எல்லாம் இன்னும் வயலுக்கு நடுவில்தான் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள நீரையும் மண்ணையும் ஜூன் 12லிருந்து அடுத்த ஜூன் 12 வரை, ஒவ்வொரு பருவமும் அளக்க வேண்டும். வட்டம் போட்டு அளக்காமல் வடிகால் வடிகாலாக அளக்க வேண்டும். எடுத்த அளவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். முதல் முறை கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்க இன்னும் காலம் இருக்கிறது. கேட்பவர்கள் ஐப்பசி அடைமழையில் வரட்டும். வரப்பில் அழைத்துப்போக ஒவ்வோர் ஊரிலும் ஆள் இருக்கிறது.