தண்டவாளம் இருந்த வழி

நான் தினமும் வேலைக்குப் போவது ஈப்போவிலிருந்து மெங்லம்பு பக்கம். காலை ஏழு மணிக்கு அங்கே ஜாமில் மாட்டினால் அரை மணி நேரம் போச்சு. சுற்றிப் பார்த்தால் ஒரு காருக்கு ஓர் ஆள். என் காரிலும் நான் ஒருத்தன்தான்.

இதே திசையில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பேராக்கின் ரயில் கதை 1885-இல் தொடங்குகிறது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குச் சுமார் 13 கிலோமீட்டர். மலாயாவின் முதல் பாதை. இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் படை அதைப் போட்டது. பிறகு கிந்தா பள்ளத்தாக்கின் ஈய ஊர்களைத் தேடியும் பாதைகள் போயின. அதில் ஒன்று ஈப்போவிலிருந்து மெங்லம்பு, லகாட் வழியாகத் துரோனோவுக்கு.

ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில்பாதைக்காக மலாயாவின் கிளைப்பாதைகள் பல பெயர்த்தெடுக்கப்பட்டன. துரோனோ பாதையும் அந்த ஆண்டுகளில்தான் போனது. அதே சயாமுக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் ஏற்றிப் போனார்கள், ஏராளமானோர் திரும்பவில்லை. போர் முடிந்தும் துரோனோவுக்கு ரயில் வரவில்லை.

தோட்டத்தில் இருந்த பாட்டிக்கு ஜாம் என்றால் என்னவென்றே தெரியாது. விடியுமுன் பெரட்டு, அங்கிருந்து நடந்தே நிரைக்கு. லயத்து வீடும் பால்மரமும் பக்கம் பக்கம். அதை வசதி என்று சொல்ல மாட்டேன். வேலை போனால் வீடும் போகும் என்ற பயத்திலேயே வாழ்ந்தவர்கள் அவர்கள்.

80, 90-களில் தோட்டங்கள் கைமாறி, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் தாமான்களும் வந்தன. வீடு ஓரிடம், வேலை ஓரிடம் ஆனது. 1985-இல் புரோட்டோன் சாகாவும் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் அம்மா போனது தொழிற்சாலை பஸ்ஸில்தான். தாமான் முனையில் ஏறினால் வேலையிடத்து வாசலில் இறக்கிவிடும். நாற்பது பேர், ஒரு பஸ்.

ஒருநாள் அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. அப்பா கடனில் ஒரு பழைய கார் எடுத்தார். அம்மா சம்பளத்தில் பெரும்பங்கு தவணைக்கே போனது. "வேலைக்குப் போக காடி, காடிக்குக் கட்ட வேலை" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். அது சிரிப்பில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

சாலையை அகலப்படுத்து என்பதுதான் எல்லாரும் சொல்லும் வழி. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த டுராண்டனும் டர்னரும் 2011-இல் காட்டியது வேறு: சாலை எவ்வளவு கூடுகிறதோ, ஏறக்குறைய அதே அளவு வண்டி ஓட்டமும் கூடுகிறது. புது வழித்தடம் சீக்கிரமே நிரம்பிவிடும்.

துரோனோ ரயில் திரும்பி வரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்துத் தொழிற்சாலைகள் சேர்ந்து, ஷிப்டு நேரத்துக்குத் தாமான்களுக்கு பஸ் விடலாமே. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அம்மா ஏறிப் போன அதே பஸ்தான்.